சறுக்காதவர்களின் மலை

கூர் நகரத்தில் பெரிய ரயிலை விட்டிறங்கி, மலைக்குப் போகும் சிவப்பு நிறச் சின்ன ரயிலுக்கு மாறுகிற இடத்திலேயே சனம் இரண்டாகப் பிரிந்துவிடும். தோளில் பலகைகளும் காலில் கனத்த சப்பாத்துகளுமாக, பெட்டியின் வாசல் பக்கத்தில் சாமான்களை அடுக்கிக்கொண்டு நிற்பவர்கள் ஒரு கூட்டம். கைப்பையும் கம்பளித் தொப்பியும் ஊன்றுதடியுமாக ஏறி, வலது பக்கத்து யன்னலோர இருக்கையைத் தேடுபவர்கள் மற்றக் கூட்டம். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். சுவிஸில் இத்தனை காலம் வாழ்ந்தும் பனிச்சறுக்குப் பழகவில்லை. அதனால் எதையும் இழந்ததாக நினைத்ததும் இல்லை. இந்த நாடு எனக்குத் தந்தவற்றுள் குளிர்கால மலையைப் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

வலது பக்கம் ஏன் என்றால், ஃபிலிசூர் ஊர் வருவதற்குச் சற்று முன் ரயில் லாண்ட்வாசர் பாலத்தில் ஏறும். 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள், முழுக்கக் கல். வளைந்து போகிற பாலம் ஒரு செங்குத்துப் பாறைச் சுவரில் போய் முட்டுகிறது. சுவரில் துளைத்த சுரங்கத்துக்குள் ரயில் அப்படியே நுழைந்துவிடும். வலது யன்னலில் இருந்தால், தான் ஏறியிருக்கும் ரயிலின் முன்பெட்டிகள் பாலத்தின் மேல் திரும்புவதை ஒருவர் தானே பார்க்கலாம். அதன்பிறகு பெர்க்யூனில் இருந்து ப்ரேடா வரைக்கும் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஒரேயடியாக ஏற இயலாததால் மலைக்குள்ளேயே சுழன்று சுழன்று போகிறது பாதை. பெர்க்யூன் தேவாலயத்தின் கோபுரம் ஒருமுறை இடது பக்கம் தெரியும், பிறகு வலது பக்கம், பிறகு இன்னும் கீழே, இன்னும் சின்னதாக. 1903இல் திறந்த இந்தப் பாதையை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

முதன்முதலில் அந்தக் கோபுரத்தைப் பார்த்தபோது எனக்கு அது எதுவும் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு காற்சட்டையும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதத்தில் ஒரு ஹோட்டலின் முகவரி.

1980களின் கடைசி அது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு விழுந்தது கிராவ்புண்டன். எங்களில் பலருக்கு அந்தக் காலத்தில் திறந்திருந்தது ஹோட்டல் குசினியின் பின்கதவு மட்டுமே. எங்கடீன் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், நிலத்துக்குக் கீழே ஒரு குசினியில் கோப்பை கழுவினேன். எனக்கு முன்னரே அங்கே ஒருவர் இருந்தார். கொடிகாமத்து அண்ணை. முதல் நாளே எனக்கு அவர் சொன்னது:

“தம்பி, மற்றாக்களுக்கு விண்டர் எண்டா லீவு. எங்களுக்கு சீசன். ஈஸ்டர் முடியுமட்டும் வெளியப் பாக்கலாம் எண்டு நினையாத.”

உண்மைதான். குசினியின் யன்னல் கூரையோடு ஒட்டி, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. வெளியே அது தரைமட்டம். மார்கழி பிறந்த கையோடு பனி அதை மூடிவிடும். பனிக்கூடாக வரும் வெளிச்சம் மெல்லிய நீலமாக இருக்கும். அந்த நீலம் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை வைத்து, மேலே வெயிலா மப்பா என்று அண்ணை சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுப்பார். காலையில் ஒரு பெரும் சத்தம்: நூற்றுக்கணக்கான கனத்த சப்பாத்துகள் எங்கள் தலைக்கு மேலே வாசல் பக்கம் போகும். பிறகு ஹோட்டல் அடங்கிவிடும். பொழுதுபட அதே சத்தம் திரும்பி வரும். பனிச்சறுக்கு என்பதை நான் முதலில் காதால்தான் அறிந்தேன்.

ஆனால் அந்தச் சப்பாத்துகள் போனபின்பும் காலைச் சாப்பாட்டு அறையிலிருந்து கோப்பைகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேயிருக்கும். பத்து மணிக்குக்கூட ஒரு கோப்பிக் கோப்பை இறங்கி வரும். யார் இவ்வளவு நேரம் இருந்து குடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் மதிய இடைவேளையில் அது விளங்கியது. இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரைக்கும் எங்களுக்கு ஓய்வு. அண்ணை நித்திரை கொள்வார். கொள்ளத்தான் வேண்டும், இரவு பதினொரு மணி வரைக்கும் நிற்க வேண்டியவர். நான் பின்வாசலுக்குப் போய் நின்றேன். வயதான பெண் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு காட்டுப் பக்கம் வெளிக்கிட்டவர், என் ஈரக் கைகளைப் பார்த்து நின்றார். காட்டைப் பார்த்தீர்களா என்று மெதுவான ஜெர்மனில் கேட்டார். எனக்குப் பனிச்சறுக்குத் தெரியாது என்றேன். கேள்வியும் பதிலும் பொருந்தவில்லை என்பது இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு மலை என்பது பலகைக்காரருடையது என்று நான் முழுமையாக நம்பியிருந்தேன்.

“எனக்கும் தெரியாது,” என்றார் அவர். “ஒருநாளும் பழகியதில்லை. வாருங்கள்.”

அவர் சூரிச்சில் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் தை மாதத்தில் வருவாராம். கோட்டுப் பையில் சூரியகாந்தி விதை வைத்திருந்தார். பொன்ட்ரெசீனாப் பக்கத்துக் காடுகளில் குருவிகள் மனிதர் கையில் வந்திருந்து தின்னும். அந்த ஊரார் எல்லோருக்கும் தெரிந்த விசயம். எனக்குத் தெரியாது. என் உள்ளங்கையில் நாலு விதைகளை வைத்து, கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொன்னார். நின்றேன். குளிர் விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டுக்கு ஏறியது. கறுத்த தலையும் வெள்ளைக் கன்னமுமாக ஒரு குருவி கிளையிலிருந்து இறங்கி என் பெருவிரலில் நகத்தைப் பதித்தது. பத்துக் கிராம் பாரம்கூட இராது. ஒரு விதையைக் கொத்தினது, பிடிக்கவில்லை, போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனது. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் தொடக்கம் என்னைக் கண்டு பயப்படாத, என்னையும் பயப்படுத்தாத ஓர் உயிர் தானாக வந்து தொட்டது அன்றுதான்.

அந்தக் காட்டில் இரண்டு மரங்கள் பெரும்பான்மை. ஒன்று லார்ச், ஊசியிலை மரமாக இருந்தும் மாரிக்கு இலையுதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மற்றது ஆர்வன் என்கிற கல்பைன். கரும்பச்சை, வாசனையான பலகை. இந்தக் கல்பைனின் விதைகளை ஒரு பறவை இலையுதிர்காலம் முழுதும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிலத்தில் ஒளிக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், காகச் சாதி. மாரியில் ஆழமான பனியைக் கிண்டிக் கீழே போய், ஒளித்ததில் பெரும்பகுதியை இடம் தவறாமல் எடுத்துவிடும். எடுக்காமல் விட்டவை முளைத்து மரமாகின்றன. எங்கடீன் மலைச்சரிவில் மரக்கோட்டின் கடைசி வரிசையில், பாறை வெடிப்பில் தனியே நிற்கும் கல்பைன்கள் பல அப்படி முளைத்தவைதான். அந்தப் பறவையைக் காட்டித் தந்ததும் அதே ஆசிரியைதான். அவர் காட்டியதில் முக்கியமானது எப்படி நிற்பது என்பது. நடந்துகொண்டிருப்பவர் தன் சப்பாத்தின் ஓசையை மட்டுமே கேட்பார். மைனஸ் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் பனிப்பளிங்குகள் மிதிபட்டு உடைந்து கீச்சிடும். நின்றுவிட்டால் ஒன்றுமே இராது. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அந்தக் காற்றறைகள் ஓசையை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. பாரம் தாங்காமல் ஒரு கிளை தன் பனியைக் கொட்டுவது மட்டும் எங்கோ கேட்கும்.

மாலை ஐந்துக்குத் திரும்பி வந்து அண்ணையிடம் குருவி கதையைச் சொன்னேன். “கையில இருந்ததே? பொய் சொல்லாத,” என்றார். வந்து பாருங்கோ என்றேன். சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிந்தால் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள், பனியும் உருகிவிடும், நாங்களும் வேறு வேலை தேடி இறங்கிவிடுவோம். அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

இந்த மலைகளுக்குக் குளிர்கால விருந்தினர் எப்படி வந்தார்கள் என்பதைப் பின்னாளில் தேடி வாசித்தபோதுதான், அந்த ஆசிரியையும் நானும் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல என்பது தெளிந்தது. சென் மோரிட்ஸில் யோகான்னஸ் பட்ருட் என்ற ஹோட்டல்காரர் 1864இல் தன் ஆங்கிலேயக் கோடைக்கால விருந்தினரிடம், மாரியிலும் வாருங்கள், வெயில் இராவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டினாராம். கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை இருந்துவிட்டு, முகம் கறுத்துப் போனார்கள் என்பது அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அவர்கள் ஒருவரும் பலகை கட்டிச் சறுக்கியவர்கள் அல்லர். அல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு 1890களில்தான் மெல்லத் தலைகாட்டியது. அதற்கு முந்திய ஒரு தலைமுறைக் காலம், குளிர்கால விடுமுறை என்றால் வெயிலில் இருப்பது, நடப்பது, உறைந்த ஏரியில் வழுக்கிப் போவது, மரவண்டியில் சரிவு இறங்குவது, அவ்வளவும்தான்.

டாவோஸின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஊரைக் காசநோயாளிகளின் மாரி ஊராக மாற்றிய மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்பெங்லர், மன்ஹைமில் பிறந்தவர். சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர், 1849இல் பாடன் புரட்சி தோற்றபின் தப்பி ஓடி சுவிஸுக்கு வந்த அரசியல் அகதி. சூரிச்சில் மருத்துவம் படித்து, 1853இல் யாரும் போக விரும்பாத அந்த மலையூருக்கு வைத்தியராகப் போனார். அங்கத்தைய சனத்துக்குக் காசநோய் வருவதில்லை என்பதைக் கவனித்தார். 1865 மாசியில் முதல் குளிர்கால நோயாளிகள் இருவர் பனிவண்டியில் போய் இறங்கினார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு வெயிலும் குளிர்காற்றும் படத் திறந்த மாடியில் படுத்திருப்பதுதான் வைத்தியம். இன்றைக்கு உலகத் தலைவர்கள் கூடும் ஊர் என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அந்த ஊரின் மாரிக்கு அத்திவாரம் போட்டவர் ஓர் அகதி. நான் இதை வாசித்த இரவு எழுந்து போய் மனுசியை எழுப்பிச் சொன்னேன்.

அந்த நோயாளிகளின் வரிசையில் பெரிய பெயர்கள் உண்டு. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் ‘புதையல் தீவு’ நாவலை 1881–82 மாரியில் டாவோஸில் இருந்துதான் முடித்தார். நுரையீரல் நோயோடு அங்கே குடியிருந்த ஆங்கில எழுத்தாளர் ஜோன் அடிங்டன் சைமண்ட்ஸ், மரவண்டி ஓட்டத்தைப் பந்தயமாக்கியவர். 1883இல் டாவோஸில் இருந்து க்ளோஸ்டர்ஸ் வரை பந்தயம் நடந்தது. பனிச்சறுக்கைப் பிரபலமாக்கியதில் பெரும் பங்கு ஆர்தர் கொனன் டொயிலுக்கு. 1894 பங்குனியில் டாவோஸ்காரச் சகோதரர் இருவரோடு கணவாய் கடந்து அரோசாவுக்குச் சறுக்கிப் போய், அதைப் பத்திரிகையில் எழுதினார். அவர் டாவோஸுக்கு வந்ததே மனைவிக்குக் காசநோய் என்பதால். மலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோயாளியின் சாய்கதிரை இருக்கிறது. 1934இல் அதே டாவோஸில், சரிவில் நிற்பவரை இடுப்பில் தள்ளி மேலே இழுக்கும் இயந்திரத்தை நிறுவினார்கள். அதுவரை ஏறி இறங்கியவர்கள் அதன்பிறகு இறங்க மட்டும் செய்தார்கள். மலையின் முகமே மாறியது. அந்த மாற்றத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கொடுத்த சம்பளத்தில் ஊருக்குக் காசு அனுப்பியிருக்கிறேன்.

என் மகளுக்குப் பனிச்சறுக்குத் தெரியும். இங்கத்தைய பாடசாலைகள் மாசி மாதத்தில் பிள்ளைகளை மலை முகாமுக்குக் கூட்டிப்போகும். முதல் தடவை போய்த் திரும்பியபோது கன்னம் சிவந்து, மூக்குத் தோல் உரிந்து, எனக்குத் தெரியாத சொற்களைப் பேசிக்கொண்டு வந்தாள். அந்தப் பெருமையை நான் மறக்கமாட்டேன். குடும்பமாக எங்கடீனுக்கு விடுமுறை போகத் தொடங்கியது அவளால்தான். அவள் காலையில் கேபிள் வண்டியில் ஏறிப் போய்விடுவாள். மனுசியும் நானும் நடப்போம்.

நடப்பதற்கென்று சுவிஸில் தனிக் குளிர்காலப் பாதைகள் இருக்கின்றன. கோடைப் பாதைக்கு மஞ்சள் பலகை, குளிர்காலப் பாதைக்கு இளஞ்சிவப்பு. இரவில் இயந்திரம் உருட்டிப் பனியை இறுக்கிவிடுவதால் கால் புதையாது. சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் ஒன்று வாங்கிக்கொண்டால் ஐஸிலும் வழுக்காது. மலைக்கு வர நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான். பிறகு கறுப்புக் கண்ணாடி. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும். ஒரு தடித்த கோட்டுக்குப் பதில் மெல்லிய உடுப்புகள் மூன்று. பாதையை விட்டு விலகாமல் நடந்தாலும் பனிச்சரிவு அறிவித்தலைப் பார்க்க வேண்டும்; டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1 முதல் 5 வரை அபாயத்தைக் கணக்கிட்டு நாள்தோறும் வெளியிடுகிறது. மனுசி காலைத் தேத்தண்ணியோடு முதலில் பார்ப்பது அதைத்தான். 3க்கு மேலே போனால், “இண்டைக்கு ஏரிப் பக்கம்,” என்று முடித்துவிடுவாள்.

ஏரிப் பக்கம் குறைந்ததல்ல. சென் மோரிட்ஸ் ஏரி இறுகி உறைந்து, 1907 தொடக்கம் மாசி மாதத்தில் அதன்மேல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. சில்ஸ் ஏரியைக் கால்நடையாகவே கடக்கலாம். குளிர் கூடும் மாலையில் ஐஸ் சுருங்கி வெடிக்கும் ஒலி ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடும். முதலில் கேட்டபோது மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷெல் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய உடம்பு அது. பயப்படவேண்டாம், இது ஐஸ் என்றேன். நடு ஏரியில் நின்று அடுத்த ஒலிக்காகக் காத்திருந்தோம். அது வந்தது, எங்கள் காலுக்குக் கீழால் போனது. மூன்றாவது ஒலிக்கு அவள் சிரித்தாள்.

பசியெடுத்தால் பார்லி சூப். மணிக்கணக்காகக் கொதிக்க வைத்த பார்லியும் காய்ந்த இறைச்சித் துண்டுகளும் லீக்ஸும். கிராவ்புண்டன்காரரின் கஞ்சி அது, நோஞ்சானுக்கும் உழைப்பாளிக்கும் அதே கிண்ணம். பின்னால் ஒரு துண்டு வால்நட் கேக். அந்தப் பள்ளத்தாக்கில் வால்நட் காய்ப்பதில்லை. பஞ்சம் பிழைக்க வெனிஸுக்கும் வேறு நகரங்களுக்கும் போய் இனிப்புச் செய்பவர்களாக மாறிய எங்கடீன் சனம் கொண்டுவந்த ருசி. சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிக் கோலமிட்ட பெரிய பெரிய வீடுகள் அங்கே நிற்கின்றனவே, பலவும் அப்படிப் போய்த் திரும்பியவர்களின் உழைப்பில் எழுந்தவை.

பொழுதுபட மகள் வந்துவிடுவாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மூவரும் ரயிலில் ப்ரேடாவுக்குப் போவோம். மாரியில் அல்புலா கணவாய் வீதியில் வாகனம் ஓடாது. ப்ரேடாவிலிருந்து பெர்க்யூன் வரை 6 கிலோமீட்டர் வீதியையும் மரவண்டிக்காரருக்கு விட்டுவிடுகிறார்கள், இரவில் விளக்கும் போடுகிறார்கள். ரயிலில் ஏறு, சறுக்கி இறங்கு, திரும்ப ரயிலில் ஏறு. இதற்கு எந்தப் பழக்கமும் வேண்டியதில்லை. வலப்பக்கம் திரும்ப வலது குதிக்காலை ஊன்றவேண்டும், நிற்க இரண்டையும். முன்னால் மகள், பின்னால் நான், என் முதுகைப் பிடித்துக்கொண்டு மனுசி. தலைக்கு மேலே கல் வளைவுகளில் இன்னொரு சிவப்பு ரயில், வெளிச்சமான யன்னல்களோடு ஏறிக்கொண்டிருக்கும். நாங்கள் அதன் அடியால் போவோம், பிறகு அது எங்களுக்குப் பக்கத்தில் வரும், பிறகு மறைந்துவிடும். மனுசி கத்துவாள். வாழ்க்கையில் அவ்வளவு உரத்து அவள் கத்தியதை வேறெங்கும் கேட்டதில்லை.

அண்ணை அந்த ஆண்டுகளில் எல்லாம் குசினியில்தான் இருந்தார். கோப்பையிலிருந்து மரக்கறி வெட்டுக்கும், அதிலிருந்து அடுப்புக்கும் ஏறினார். விடுமுறைக்குப் போகும்போது பின்வாசலில் பார்த்துக் கதைப்பேன். ஒரு மாசியில் அவர் முகம் வேறாக இருந்தது. முதல்நாள் இரவு ஊரில் தாய் செத்துப்போனா. போக வழியில்லை. சண்டை ஒரு பக்கம், பாதை பூட்டு, இவருடைய விசாவும் அப்படிப்பட்டது. அன்றிரவும் சாப்பாடு அனுப்பிவிட்டுத்தான் படுத்தாராம். நான் அவரை இரண்டு மணி இடைவேளையில் வெளியே கூட்டிப்போனேன். எங்கே போவது என்று தெரியாமல், சரிவில் கல்லால் கட்டிய குவிமாடக் கட்டடம் ஒன்றுக்குள் போனோம். சேகன்டீனி அருங்காட்சியகம்.

ஜொவானி சேகன்டீனி மலை ஒளியை வரைவதற்கென்றே மேலே மேலே ஏறிக் குடியிருந்த ஓவியர். 1858இல் அன்றைய ஆஸ்திரியாவுக்குச் சொந்தமான ஆர்கோவில் பிறந்து, சிறுவயதிலேயே குடியுரிமை இழந்து, எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாமல் வாழ்ந்து முடித்தவர். கடைசி ஆண்டுகள் எங்கடீனின் மேல்முனையான மலோயாவில். 1899இல் பொன்ட்ரெசீனாவுக்கு மேலே மலைக்குடிசை ஒன்றில் ஓவியத்தை முடிக்குமுன்னே இறந்தபோது வயது 41. அவர் வரைந்துகொண்டிருந்த மூன்று பேரோவியங்கள் குவிமாடத்துக்குக் கீழே இருக்கின்றன: வாழ்வு, இயற்கை, இறப்பு. மூன்றாவதில் குளிர்காலம். வீட்டு வாசலிலிருந்து ஓர் உடலைத் தூக்கி வருகிறார்கள். பெண்கள் நிற்கிறார்கள். குதிரை பூட்டிய பனிவண்டி பொறுமையாகக் காத்து நிற்கிறது. மலைக்கு மேலே பெரிய முகில், அதில் காலை வெயில்.

அண்ணை அதற்கு முன்னால் இருந்த வாங்கில் இருந்தார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “செத்தவீடு,” என்றார். “ஆக்கள் குறைவு.” அதற்கப்புறம் அழுதார். அந்த அறையில் பலகைக்காரர் ஒருவரும் இல்லை. வெளியே அருமையான வெயில், எல்லோரும் மேலே. காவலாளி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போனார். ஐந்து மணிக்கு அண்ணை வேலைக்குத் திரும்பினார்.

மோர்ட்டெராட்ச் பனியாற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், அது எனக்குக் கவலை. ஒரு காலத்தில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட வந்து முடிந்த பனியாறு. 1878 தொடக்கம் அளக்கிறார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. எந்த ஆண்டில் எங்கே நின்றது என்று வழியெல்லாம் பலகை நாட்டியிருக்கிறார்கள். மகள் பிறந்த ஆண்டுக்கான இடத்தில் நின்று பார்த்தால் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது, இன்னும் நடக்கவேண்டும். பள்ளத்தாக்கு வழியே மெதுவாக நடந்து போகிறவர் இந்த இழப்பைத் தன் காலால் அளந்துவிடுகிறார். தாழ்ந்த மலையூர்களில் மாரி மழையாகப் பெய்யும் ஆண்டுகள் கூடிவருகின்றன. எங்கடீனில் இன்னும் பனி நம்பகமாக விழுகிறது. இருக்கும்போதே பார்த்துவிடவேண்டும் என்று அண்ணைக்குச் சொல்லத் தொடங்கினேன்.

ஓய்வூதியம் எடுத்தபின் வந்த முதல் மாரியில் அவர் வந்தார், விருந்தினராக. கூரில் ரயில் மாறும்போது பழக்கதோஷத்தில் பெட்டியின் கடைசியில் போய் நின்றவரை வலது யன்னலுக்குக் கூட்டிவந்து இருத்தினேன். அடுத்த நாள் முவோட்டாஸ் முராய்ல் ஏறினோம். 1907இல் கட்டிய கம்பிவட இரயில், செங்குத்தான சரிவில் ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,450 மீட்டர் உயரத்துக்குப் போகும். பெரிய சறுக்குத் தடங்கள் இல்லாத மலை அது. நடப்பவர்களுக்கும் மரவண்டிக்காரருக்கும் உரியது. கீழே சமேடனில் மைனஸ் 20 பாகை, குளிர்காற்று பாரமானதால் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். மேலே ஏற ஏற இளஞ்சூடு. கோட்டைக் கழற்றிவிட்டு, ஆட்டுத்தோல் விரித்த வாங்கில் இருந்தோம். ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலோயா வரைக்கும் வெள்ளையாகக் கிடந்தன.

அண்ணை பெயர் பெயராகக் கேட்டார். இது எது, அது எது. நான் சொன்னேன். கடைசியில், தான் முப்பது மாரிக்கு மேல் வேலை செய்த ஹோட்டலைத் தானே கண்டுபிடித்தார். விரலை நீட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“குசினி யன்னல் எந்தப் பக்கம் எண்டு இப்பதான் விளங்குது. தெற்கு. அதுதான் அவ்வளவு நீலம்.”

சூப் வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, உப்புச் சரி, பார்லி இன்னும் கொஞ்சம் அவியவேணும் என்றார். முழுவதையும் குடித்தார். வெயில் மறையும் நேரம் மலைமுகடுகள் சிவந்தபோது, எல்லோரும் படம் எடுக்க எழுந்தார்கள். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார்.

“தம்பி, கடை ஆறரைக்குப் பூட்டிப்போடுவான். எழும்பு.”

“என்ன வாங்க?”

“சூரியகாந்தி விதை. நாளைக்கு அந்தக் காட்டுக்குப் போறம். கையில இருக்குமெண்டு சொன்னனி, அதை நான் பாக்கவேணும்.”